திறவாத தட்டு

கம்ப்யூட்டர் என்னும் யந்திரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி அசைகின்ற உறுப்புகள் மிகச் சிலவே; அவற்றுள்ளும், மனிதக் கையின் பலத்தையும் பொறுமையின்மையையும் நேருக்கு நேர் தாங்க விதிக்கப்பட்டது சி.டி. டிரைவின் தட்டு ஒன்றேயாகும். பட்டனை அழுத்தியும் அது ஒருநாள் வெளிவராமல் நின்றுவிட்டால், டிரைவே போயிற்று என்று முடிவுகட்டிப் புதியதொன்றை வாங்கப் புறப்படுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அம்முடிவு பெரும்பாலும் அவசரமானது. படிக்கும் கருவி வேறு, திறக்கும் கருவி வேறு. பின்னது பழுதானதால் முன்னதும் பழுதாயிற்று என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. குற்றம் பல சந்தர்ப்பங்களில் ஒரு சிறு ரப்பர் வளையத்திலோ, அதன்மேல் படிந்த தூசியிலோ அடங்கிக் கிடக்கிறது.

பென் டிரைவும் இணையமும் பரவியபின் இந்த யந்திரத்துக்கு மதிப்புக் குறைந்தது உண்மையே. புதிய கேபினெட்டுகள் பலவற்றில் இதற்கு இடமே விடுவதில்லை. ஆயினும் திண்டுக்கல் நகரத்திலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் இதன் உபயோகம் அற்றுப்போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்த கல்யாணங்களின் வீடியோக்கள், ஸ்டூடியோக்காரர் கொடுத்த வட்டுகளாகவே பீரோவுக்குள் பட்டுப்புடவைகளின் இடையே உறங்குகின்றன. ஸ்கேன் எடுத்த இடத்தில் பிலிமோடு சேர்த்துக் கொடுக்கும் சி.டி.யைக் கையில் பிடித்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறுகிற நோயாளிகள் உண்டு. வழக்கறிஞர் குமாஸ்தாக்களோ, பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படியும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்துக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படியும் சான்றிதழ் இணைத்துத் தாக்கல் செய்த வட்டுகளின் நகல்களைக் கேஸ் கட்டுகளில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் தட்டு திறவாத நாள் ஒரு சங்கடமான நாளே.

பழுதை அறியுமுன் இயல்பை அறிதல் வேண்டும். 1982-ல் பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்கள் சந்தைக்குக் கொணர்ந்த இசைவட்டு 120 மில்லிமீட்டர் விட்டமும், 1.2 மில்லிமீட்டர் கனமும், நடுவில் 15 மில்லிமீட்டர் துவாரமும் உடையது. பின்னால் வந்த கம்ப்யூட்டர் சி.டி.யும் டி.வி.டி.யும் இந்த அளவையே மேற்கொண்டன. இவ்வட்டை ஏந்திச் செல்லும் பிளாஸ்டிக் தட்டின் அடிப்புறத்தில், ஓரமாக, நேர்வரிசையில் பற்கள் வார்க்கப்பட்டிருக்கின்றன. கட்டைவிரல் நுனியளவுள்ள ஒரு மோட்டார், தன் தலையிலுள்ள சிறிய கப்பியிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட்டின் வழியாகப் பெரிய கப்பியொன்றைச் சுழற்ற, அதனோடிணைந்த பல்சக்கரங்கள் தட்டின் பற்களைக் கவ்வித் தட்டை உள்ளும் புறமும் நகர்த்துகின்றன. தட்டு முழுவதும் உள்ளே போனவுடன் மோட்டாரின் வேலை முடிந்துவிடுவதில்லை. அதே மோட்டார் குறுக்கே ஒரு சறுக்குச் சட்டத்தைத் தள்ள, அச்சட்டம், வட்டைச் சுழற்றும் மோட்டாரும் லென்சும் பொருந்திய அடிப்பீடத்தை மேலே தூக்குகிறது. வட்டு தட்டிலிருந்து எழும்பி, மேல்மூடியில் தொங்கும் காந்த வில்லைக்கும் சுழலும் அச்சுக்கும் இடையே பிடிபட்டு நிற்கிறது. திறக்கும்போது இவை யாவும் தலைகீழாக நடைபெற வேண்டும். ஆகவே, பட்டனை அழுத்தியதும் மோட்டார் முதலில் செய்யவேண்டிய காரியம் தட்டை நகர்த்துவதன்று, காந்தப் பிடியைப் பிரிப்பதே. இவ்வொரு சூக்ஷ்மத்தை மனத்தில் இருத்திக்கொண்டவர்க்கு இந்த அத்தியாயத்தின் பாதி விளங்கிவிட்டது.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இவ்விஷயத்தைப் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் செய்யும் கைவினைஞரிடம், திறவாத மாங்காய்ப் பூட்டொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் எடுத்த எடுப்பில் வளையத்தை அறுப்பதில்லை. சாவி அதனுடையதுதானா என்று பார்ப்பார், துவாரத்தில் துருவோ மண்ணோ அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார், இவ்விரண்டும் இல்லையென்று நிச்சயமான பிறகே உள்ளிருக்கும் நெம்புகளைத் தொடுவார். வெளியிலிருந்து உள்ளே போகிற இந்தக் கிரமமே தட்டுக்கும் உரியது.

முதலில் மின்சாரம். பட்டனை அழுத்தியும் முகப்பிலுள்ள சிறு விளக்கு எரியாமலும், உள்ளே எவ்விதச் சத்தமும் எழாமலும் இருந்தால், டிரைவுக்கு மின்சாரமே போகவில்லையென்று கருத வேண்டும். கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவரிலுள்ள பிளக்கையும் பிடுங்கி, கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றி, டிரைவின் பின்புறத்துப் பவர் கேபிளை ஒருமுறை எடுத்து அழுத்திச் செருகுக. பழைய டிரைவுகளில் இது நான்கு கம்பியுள்ளது: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் பூஜ்யம். பின்வந்த சாட்டா வகையில் 15 முனைகள் கொண்ட தட்டையான செருகி. இவ்விடத்தில் அநேகர் அறியாத ஒரு பரீட்சையைச் சொல்லிவைக்கிறேன். டேட்டா கேபிளை முற்றிலும் எடுத்துவிட்டு, பவர் கேபிளை மாத்திரம் செருகிக் கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் பட்டனை அழுத்துக. தட்டு திறப்பதற்கு மின்சாரம் போதும், கம்ப்யூட்டரின் அனுமதி வேண்டியதில்லை. இப்போது திறந்தால் டிரைவின்மேல் குற்றம் இல்லை. திறவாவிட்டால் குற்றம் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. தட்டு பாதி வந்து மெலிந்து நிற்குமானால், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி தளர்ந்திருக்கிறதா என்றும் சந்தேகிக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டை ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் நாளொன்றுக்குப் பலமுறை போய்ப்போய் வந்த மின்சாரம் நம் மாவட்டங்களில் எத்தனையோ எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளைப் பதம்பார்த்தது.

அனுமதி என்று சொன்னேன். வட்டில் பதிவு நடந்துகொண்டிருக்கும்போதோ, ஏதேனுமொரு புரோகிராம் வட்டைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கும்போதோ, கம்ப்யூட்டரே தட்டைப் பூட்டிவிடும். அப்போது பட்டனை எத்தனை முறை அழுத்தினும் பயனில்லை. ஓடுகிற புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸில் டிரைவின் சின்னத்தின்மேல் வலது கிளிக் செய்து 'எஜெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸ் வைத்திருப்பவர் டெர்மினலில் அதே சொல்லைத் தட்டச்சிட்டால் போதும். இரண்டுக்கும் இணங்காவிடின், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் தலைகாட்டுமுன் பட்டனை அழுத்திப் பார்க்கலாம்.

இனி, உள்ளே அகப்பட்டுக்கொண்ட வட்டை உடனே எடுத்தாக வேண்டிய அவசரம். டிரைவின் முகப்பில் ஊசித்துவாரம் ஒன்று இருக்கும். அது அழகுக்காக வைத்ததன்று, மின்சாரமின்றித் தட்டைத் திறக்க வைத்ததாகும். கம்ப்யூட்டரை நிறுத்தி, வட்டின் சுழற்சி அடங்க ஒரு நிமிஷம் பொறுத்து, ஜெம் கிளிப்பொன்றை நிமிர்த்தி அத்துவாரத்துள் கிடைமட்டமாகச் செலுத்துக. சற்று உள்ளே போனதும் ஒரு தடை தட்டுப்படும். அதனை நிதானமாக அழுத்தினால் தட்டு விரற்கடையளவு வெளிப்படும், பிறகு கையால் மெல்ல இழுத்துக்கொள்ளலாம். தையலூசி இதற்கு உதவாது. வழுக்கி உள்ளே விழுந்தால் ஒரு பழுது இரண்டாகிவிடும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் கிளிப்பைச் செருகுவதோ, ஸ்க்ரூ டிரைவரால் தட்டின் விளிம்பை நெம்புவதோ பல்சக்கரத்தின் பற்களுக்கு ஆபத்து. தட்டைக் கையால் இழுக்கும் அந்த வேளையில் கை சொல்லும் செய்தியையும் கவனிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு ஒரே சீராக வருமானால் தட்டு ஓடும் தண்டவாளங்கள் சுத்தம், குற்றம் பெல்ட்டிலே. ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து வருமானால் உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது, அல்லது டிரைவைக் கேபினெட்டில் பொருத்தியவர் ஸ்க்ரூக்களை அளவுக்கு மீறி முறுக்கிச் சட்டத்தைக் கோணலாக்கியிருக்கிறார். கேபினெட்டின் முகப்புப் பலகை சிறிது இறங்கித் தட்டின் உதட்டை முட்டுவதும் உண்டு.

பெல்ட்டின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். விளக்கு எரிகிறது, உள்ளே மோட்டார் 'ம்ம்' என்று முனகுகிறது, தட்டோ அசையவில்லை. ஓரிரண்டு கணம் முனகிவிட்டு மோட்டார் ஓய்ந்துவிடுகிறது. நான்கைந்து முறை அழுத்தினால் ஒருமுறை திறக்கிறது. இவ்வளவும் சேர்ந்து காணப்பட்டால் பெல்ட் நெகிழ்ந்துவிட்டதென்று நிச்சயிக்கலாம். ரப்பர் உஷ்ணத்தில் விரைவாக மூப்படையும் பொருள். சித்திரை வைகாசியில் 40 டிகிரியை ஒட்டிக் காயும் நம் சமவெளியில், தகர ஓட்டின்கீழோ மொட்டைமாடி அறையிலோ வைத்த கம்ப்யூட்டருக்குள் அது என்ன பாடுபடும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நெகிழ்வதோடு அதன் மேற்பரப்பும் மெருகேறிப் பளபளத்துக் கப்பியைப் பற்றாமல் வழுக்குகிறது.

இந்நிலையில் ஒரு விசித்திரம் தோன்றும்: வட்டு உள்ளே இருந்தால் தட்டு திறக்கும், காலியாக இருந்தால் திறவாது. பழுதுபார்க்கும் கடைகளில் இதனை நன்றாக அறிவார்கள். "தம்பி, டிரைவு போயிருச்சா?" என்று கேட்பவருக்கு, "போகலைண்ணே, பெல்ட்டுதான் லூசாப் போச்சு. உள்ள எப்பவும் ஒரு சி.டி.யப் போட்டு வைங்கண்ணே, கொஞ்ச நாளைக்கு ஓடும்" என்று கடைக்காரர் பதில் சொல்வது வெறும் சமாதானம் அன்று, அதில் இயற்பியல் இருக்கிறது. காந்த வில்லைக்கும் அச்சின் தலைக்கும் இடையே வட்டின் 1.2 மில்லிமீட்டர் கனம் குறுக்கிடும்போது காந்தத்தின் பிடி தளர்கிறது; வட்டு இல்லாதபோது இரண்டும் இன்னும் நெருங்கி, பிடி வலுக்கிறது. புதிய பெல்ட் அப்பிடியைச் சுலபமாகப் பிரித்துவிடும். கிழண்ட பெல்ட்டோ அவ்விடத்திலேயே வழுக்கித் தோற்றுப்போகிறது. ஆகையால் பழைய வட்டொன்றை எப்போதும் உள்ளே வைத்திருப்பது செலவில்லாத தற்காலிகப் பரிகாரம். நிரந்தரப் பரிகாரம் பெல்ட்டை மாற்றுவதே.

அதற்கு டிரைவைத் திறக்க வேண்டும். முன்கூறியவாறு தட்டை வெளியே இழுத்து, அதன் முகத்திலுள்ள பிளாஸ்டிக் பட்டையின் கொக்கியை விடுவித்துக் கழற்றிவிட்டு, டிரைவைக் கேபினெட்டிலிருந்து எடுத்துக் கவிழ்த்து வைத்து, அடித்தகட்டின் நான்கு மூலைகளிலுமுள்ள சிறு ஸ்க்ரூக்களை நீக்குக. அடித்தகடும், பக்கங்களில் கொக்கியிட்டு நிற்கும் முகப்பும் வந்துவிட்டால், மேல்மூடியும் விலகும். பெல்ட் பெரும்பாலும் முன்பக்கத்தில், தட்டுக்குக் கீழே இருக்கிறது. தட்டை முழுதும் வெளியே இழுத்தால் கண்ணிற்படும். அதைச் சாமணத்தால் எடுக்கவும். விரலின் எண்ணெய்ப் பசை படக்கூடாது. ஸ்க்ரூக்களை அவை இருந்த ஒழுங்கிலேயே ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துக்கொள்வது நல்லது.

எடுத்த பெல்ட் நெகிழாமல் வெறுமனே அழுக்கேறியிருக்குமானால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அதையும் இரண்டு கப்பிகளின் பள்ளங்களையும் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மாட்டினால் போதும். கப்பியைத் துடைக்காமல் பெல்ட்டை மாத்திரம் துடைப்பது பாதி வேலை. நெகிழ்ந்ததைக் கொதிநீரில் சிலநிமிஷம் போட்டெடுத்தால் சற்றே சுருங்கி மறுபடி உழைக்கும். ஆனால் அந்த உயிர் அற்பாயுசு. புதியதை வாங்குவதற்குக் கம்ப்யூட்டர் கடைக்குப் போவதைவிட, டேப்ரிக்கார்டர் பழுதுபார்க்கும் பழைய கடையொன்று உங்கள் தெருவில் எஞ்சியிருந்தால் அங்கே போவது மேல். கேசட் காலத்துச் சதுரப் பெல்ட்டுகள் பலவகை அளவில் அவர்களிடம் இருக்கும், விலையும் சொற்பம். நெகிழ்ந்த பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய், அதனைவிடச் சிறிதளவே நீளம் குறைந்த ஒன்றைத் தேர்க. மிக இறுக்கமானது மோட்டாரின் அச்சைத் தேய்க்கும். பணக்கட்டுக்குப் போடுகிற ரப்பர் பேண்டை மாட்டிவிட்டு வெற்றியெனக் கருதுபவர் உண்டு. நம் ஊர் வெயிலில் அது சீக்கிரமே பிசுபிசுத்து அறுந்து, கப்பியிலும் பல்சக்கரத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பது புதிய பெல்ட் போடுவதைவிட வேதனையான வேலை.

எண்ணெயைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. எது சிக்கினாலும் தேங்காயெண்ணெய் விடுவது நம் வீடுகளின் வழக்கம். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும்; மார்கழி விடியற்காலையில் அது பல்சக்கரங்களிடையே மெழுகாக நிற்பதோடு, மற்ற நாட்களில் தூசியை வரவழைத்துச் சேறாக்கும். பெல்ட்டில் எவ்வித எண்ணெயும் ஒரு சொட்டும் படலாகாது. தண்டவாளங்களிலும் பற்களிலும் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற வெள்ளை கிரீஸைத் தீக்குச்சி முனையளவு தடவினால் அதிகம். வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து நூற்பாலைகளை ஒட்டிய வீடுகளிலும், சின்னாளபட்டியின் தறிவீடுகளிலும் இருக்கும் கம்ப்யூட்டர்களில் மண்தூசியோடு பஞ்சும் இழையும் சேர்ந்து பல்சக்கர அச்சுகளில் திரிபோல் சுற்றிக்கொள்ளும். அங்கே கிரீஸ் தடவுமுன் அவ்விழைகளைச் சாமணத்தால் உருவியெடுப்பது அத்தியாவசியம்.

வெளிவந்த தட்டு தானாகவே திரும்ப உள்ளே ஓடிவிடுவது வேறொரு வியாதி. தட்டு எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்பதை டிரைவுக்கு அறிவிக்க உள்ளே சிறு ஸ்விட்சுகள் இருக்கின்றன. அவற்றின் முனையில் அழுக்கேறினால், வழியில் ஏதோ தடையென்று டிரைவு மயங்கித் தட்டைத் திருப்பிவிடுகிறது. ஆல்கஹால் நனைத்த பஞ்சு போதும். யாரும் தொடாமலே தட்டு அடிக்கடி திறந்துகொள்ளுமானால், முகப்புப் பட்டன் அழுந்திச் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க; பேய் பிசாசைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

வட்டுகளே செய்யும் குற்றமும் உண்டு. மணமக்கள் படத்தை அச்சிட்டு வட்டின்மேல் ஒட்டும் ஸ்டிக்கர், வெயிலில் ஓரம் பிரிந்து உள்ளே மடங்கித் தட்டைப் பிடித்துக்கொள்கிறது. இவ்வழக்கத்தை ஸ்டூடியோக்காரர்கள் கைவிட்டுப் பேனாவால் எழுதிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். நடுத்துவாரத்தருகே விரிசல் கண்ட வட்டை எக்காரணத்தாலும் போடலாகாது. 52 மடங்கு வேகம் என்று முகப்பில் எழுதிய டிரைவில் வட்டு நிமிஷத்துக்குச் சுமார் 10,000 சுற்றுச் சுற்றுகிறது. அவ்வேகத்தில் உடைந்தால் சில்லுகள் நாலாபக்கமும் பாய்ந்து பற்களிடையே புகுந்துவிடும். அப்படிப்பட்ட டிரைவைத் திறந்து சில்லுகளைப் பொறுக்குகிறவர் மின்சாரத்தை அறவே நீக்கியிருக்க வேண்டும். உள்ளிருக்கும் லேசர்களுள் சி.டி.க்குரியது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி; மூடியைத் திறந்த நிலையில் டிரைவை ஓடவிட்டு லென்சைக் குனிந்து பார்ப்பது கண்ணுக்குக் கேடு.

லேப்டாப்பின் மெல்லிய டிரைவுக்கு மேற்சொன்ன பெல்ட் விவகாரம் பொருந்தாது. அதில் தட்டை நகர்த்தும் மோட்டாரே இல்லை. பட்டனை அழுத்தியதும் ஒரு மின்காந்தம் தாழ்ப்பாளை விடுவிக்க, ஸ்பிரிங் தட்டை வெளியே தள்ளுகிறது. லென்சும் சுழலும் அச்சும் தட்டோடு கூடவே வெளியே வருகின்றன. ஆதலால் அதனைத் திறந்துவைத்தபடி முழங்கையை ஊன்றுவது தட்டை மாத்திரமன்றி லென்சையும் உடைப்பதாகும். யு.எஸ்.பி.யில் மாட்டும் வெளி டிரைவும் பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அது திறவாவிட்டால், நீண்ட கேபிளை விட்டுக் கேபினெட்டின் பின்புறத்து யு.எஸ்.பி. துவாரத்தில் நேரே மாட்டிப் பார்க்க வேண்டும். முன்புறத்தில் மின்சாரம் போதாமை பல இடங்களில் காணும் குறை.

எந்நிலையில் கைவிடுவது என்றும் சொல்லிவிடவேண்டும். பல்சக்கரத்தின் பற்கள் ஒடிந்திருந்தாலும், மோட்டார் கருகிய வாடை வீசினாலும், தட்டு ஒழுங்காகத் திறந்து மூடியும் எந்த வட்டையும் படிக்காமற் போனாலும், அந்த டிரைவுக்காக மேலும் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுதல் வீண். அதன் பெல்ட்டையும் ஸ்க்ரூக்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, யு.எஸ்.பி. டிரைவொன்றை வாங்குவதே விவேகம். மற்றபடி, பழுது நீங்கித் தட்டு வழுக்கிக்கொண்டு வெளிவந்த அன்றைக்கே, வீட்டிலுள்ள கல்யாண வட்டுகளையும் ஸ்கேன் வட்டுகளையும் ஒவ்வொன்றாக அதிலிட்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். வீட்டில் பதிந்த வட்டுகளின் சாயமும் உஷ்ணத்திலும் ஒளியிலும் வெளிறக்கூடியதே, அதற்குப் பெல்ட் மாற்றிப் போட எந்தக் கடையிலும் ஆள் இல்லை.